நிறையாத குழி

குப்பி என் ஆள்காட்டி விரல் உயரம்தான் இருக்கும். உள்ளே மருந்தில் தோய்த்துக் காயவைத்த ஒரு தாள்துண்டு. கோடு போட்டிருக்கும் இடம் வரை தண்ணீரை ஊற்றி, மூடியை இறுக்கிக் குலுக்கி, வெயில் படாத இடத்தில் வைத்துவிட வேண்டும். தண்ணீரில் மலம் கலந்திருந்தால் ஒரு நாளில், மிஞ்சினால் இரண்டு நாளில், உள்ளே இருப்பது கறுத்துவிடும். கலக்காவிட்டால் அப்படியே இருக்கும். இதைச் செய்ய ஆய்வகம் வேண்டாம், கரண்ட் வேண்டாம்.

ஊர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை அதில் ஊற்றி, சமையலறை மாடத்தில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, அதே தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு இன்னொரு குப்பியிலும் ஊற்றி வைத்தேன். மறுநாள் காலை காப்பி போடப் போன அம்மா அங்கிருந்தே கூப்பிட்டாள்.

"ஏடி, இது என்ன, மை கரைச்ச மாதிரி இருக்கு?"

போய்ப் பார்த்தேன். கொதித்த தண்ணீர் அப்படியே இருந்தது. கிணற்றுத் தண்ணீர் கறுத்துப்போய், குப்பியின் அந்தப் பக்கம் தெரியவில்லை. அப்பா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு வந்து இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "நம்ம கிணறா?" என்று மட்டும் கேட்டார்.

எங்கள் ஊர் பாபநாசம் பக்கம். காவிரிப் பாசனம், நெல், வாழை. எங்கள் கொல்லைக் கிணற்றுத் தண்ணீருக்குத் தெருவிலேயே பெயர் உண்டு. பருப்பு சீக்கிரம் வேகும், காப்பி மணக்கும் என்பார்கள். கல்யாண வீடுகளுக்குக் குடம் குடமாக எடுத்துப் போவார்கள். "தாயைப் பழிச்சாலும் தண்ணியைப் பழிக்காதே" என்று அப்பாயி சொல்வார். அந்தத் தண்ணீரைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றியதே இல்லை.

தோன்ற வைத்தது அண்ணன் மகள். அவர்கள் திருப்பூரில் இருக்கிறார்கள். லீவுக்கு ஊருக்கு வந்தால் மூன்றாம் நாள் குழந்தைக்கு வயிற்றாலே போகும். "ஊர் மாறுதுல்ல, தண்ணி ஒத்துக்கல" என்று அம்மா ஓமத் தண்ணி கொடுப்பாள், இரண்டு நாளில் சரியாகிவிடும். 2021 தீபாவளிக்கு வந்தபோது சரியாகவில்லை. ஊரெங்கும் அடைமழை. மூன்று வயதுக் குழந்தை, ஒரே ராத்திரியில் கண் உள்ளே போய், கிள்ளினால் தோல் அப்படியே நின்றது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டரம்மா டிரிப் போட்டுவிட்டு அண்ணியிடம் கேட்டார்: "குழந்தைக்கு எந்தத் தண்ணி குடுக்கறீங்க?"

"கிணத்துத் தண்ணிதான் டாக்டர். நல்ல தண்ணி."

"நல்ல தண்ணின்னு எப்படித் தெரியும்?"

யாரிடமும் பதில் இல்லை.

குழந்தை கண் திறந்ததும் டிரிப்பை எடுத்துவிட்டு ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைக் கொடுத்தார்கள். கரைத்து, ஸ்பூன் ஸ்பூனாக, ராத்திரி முழுக்க. அந்தப் பொட்டலத்தின் கதையை நான் அப்போது படித்திருக்கவில்லை, பிறகுதான் படித்தேன். 1971-ல் வங்கதேசப் போருக்குத் தப்பி எல்லை தாண்டி வந்த லட்சக்கணக்கான அகதிகளின் முகாம்களில் காலரா பரவியது. மேற்கு வங்கத்தில் பங்கான் என்ற ஊர் மருத்துவமனையில், தரையெல்லாம் நோயாளிகள், நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருக்கிறது. திலீப் மஹலனோபிஸ் என்ற மருத்துவர் உப்பையும் குளுக்கோஸையும் சமையல் சோடாவையும் தண்ணீரில் கலந்து பீப்பாய்களில் நிரப்பி, கூட வந்த உறவினர்களையே கொடுக்கச் சொன்னார். 100 பேரில் 30 பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில், அந்தக் கரைசலைக் குடித்தவர்களில் இறப்பு 4 பேருக்கும் குறைவாக இறங்கியது. அவர் 2022-ல் காலமானார். உலகம் முழுக்க எத்தனை கோடிக் குழந்தைகள் அந்த மனிதரால் பிழைத்திருக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்கு மனது நெகிழ்ந்துவிடும். அதில் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது.

ஆனால் குழந்தை பிழைத்து வந்த அதே வீட்டில்தானே அந்தக் கிணறும் இருந்தது. அதனால்தான் குப்பி வாங்கினேன்.

இனி சொல்லப்போவது அப்பாவுக்கு வருத்தம் தரும். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதும்மா, நாலு பேருக்குத் தெரியட்டும்" என்றார்.

எங்கள் பக்கம் மலம் கழிக்கப் போவதைக் 'கொல்லைக்குப் போறது' என்போம். வேறு பக்கங்களில் 'வெளிக்குப் போறது', 'ஒதுங்குறது'. தமிழில் இதற்குள்ள மரியாதையான சொற்கள் எல்லாமே வீட்டைவிட்டு அப்பால் போவதைத்தான் சொல்கின்றன. கழிப்பறை வீட்டுக்குள் வந்த பிறகும் 'கொல்லைக்குப் போயிட்டு வர்றேன்' என்றுதான் சொல்கிறோம். சொல்லுக்குள் அந்த எண்ணமும் உட்கார்ந்திருக்கிறது: வெளியே போய்விட்டது என்றால் போய்விட்டது, அதற்கு மேல் நினைக்க ஒன்றுமில்லை.

அம்மா கல்யாணமாகி வந்தபோது எங்கள் வீட்டில் கழிப்பறை இல்லை. தெருவில் யார் வீட்டிலுமே இல்லை. விடிகாலை நாலரை மணிக்குப் பெண்கள் கூட்டமாகக் கிளம்பி வாய்க்கால் கரைக்குப் போவார்கள். தூரத்தில் முதல் பஸ்ஸின் விளக்கு தெரிந்தால் எல்லோரும் சட்டென்று எழுந்து நிற்பார்கள். பஸ் தாண்டினதும் மறுபடி உட்கார்வார்கள். அந்த நேரத்தை விட்டால் அப்புறம் இருட்டினபிறகுதான். நடுப்பகலில் வயிறு கலக்கினால் என்ன செய்வது? "என்ன செய்யறது, அடக்கிக்கிறதுதான்" என்றாள் அம்மா. அடக்குவதற்காக ராத்திரிச் சாப்பாட்டைக் குறைத்தாள். தண்ணீரைக் குறைத்தாள். என்னை வயிற்றில் சுமந்த ஒன்பது மாசமும், ஐப்பசி மழையில் வரப்பு வழுக்கும்போதும், இதே நடைதான். எங்கள் பெண்களுக்குச் சிறுநீர்த் தொற்று அடிக்கடி வருவது ஏன் என்று அந்தக் காலத்தில் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

நான் படித்த பள்ளிக்கூடத்திலும் கதை அதுதான். கழிப்பறை இருந்தது, பூட்டியிருந்தது. திறந்திருந்த நாட்களில் தண்ணீர் இருக்காது. காலையில் எட்டரைக்கு வீட்டைவிட்டுக் கிளம்பினால் சாயங்காலம் ஐந்து மணி வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டோம். மாதவிலக்கு நாட்களில் எங்கள் வகுப்பில் பாதி பெஞ்சு காலியாக இருக்கும். வாத்தியார் வருகைப் பதிவேட்டில் 'ஆ' போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போவார்.

1997-ல் அப்பா கழிப்பறை கட்டினார். கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர் வேலை, இருந்த கொஞ்சம் சேமிப்பை எடுத்தார். ஊரே வேடிக்கை பார்த்தது. ஏழு சிமெண்டு உறைகள் மாட்டுவண்டியில் வந்து இறங்கின. கொல்லை குறுகல். ஒரு பக்கம் மாட்டுக் கொட்டகை, இன்னொரு பக்கம் கிணறு, நடுவில் இருந்த இடத்தில் குழி தோண்டினார்கள். கிணற்றுக்கும் குழிக்கும் 14 அடி. கொத்தனார் அனுபவசாலி. "அடியில சிமெண்டு போட வேணாம் சார். ஊறி எறங்கிடும். காலத்துக்கும் நிறையாது" என்றார். கட்டி முடித்த அன்றைக்கு அம்மா கழிப்பறை வாசலைக் கழுவி ஒரு சின்னக் கோலம் போட்டாள். அந்தக் கோலத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

கொத்தனார் சொன்னது பலித்தது. 24 வருஷம், ஒரு தடவை கூட அந்தக் குழி நிறையவில்லை. லாரி கூப்பிட வேண்டி வரவில்லை. அப்பாவுக்கு அதில் பெருமை. வருகிற சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்வார்.

டெல்டாவில் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் எவ்வளவு மேலே வரும் என்று தெரிந்தவர்களுக்கு இந்நேரம் விஷயம் புரிந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் கிணற்றில் குனிந்து சொம்பாலேயே மொண்டுவிடலாம். ஏழு உறைக் குழி அப்போது தண்ணீருக்குள்தான் நிற்கும். உறைகளின் இடுக்கு வழியாகவும் அடி வழியாகவும் நிலத்தடி நீர் உள்ளே வரும், வெளியே போகும், வண்டல் மண்ணுக்குள் நடந்து 14 அடி தள்ளியிருக்கும் கிணற்றுக்குப் போய்ச்சேரும். குழி நிறையாததற்குக் காரணம், அது 24 வருஷமாக எங்கள் கிணற்றுக்குள் காலியாகிக்கொண்டிருந்ததுதான்.

கழிவுக் குழிக்கும் கிணற்றுக்கும் நடுவில் குறைந்தது 10 மீட்டர், அதாவது 33 அடி, இருக்க வேண்டும் என்று நம் நாட்டுக் கையேடுகள் சொல்கின்றன. நீர்மட்டம் மேலே இருக்கிற இடமென்றால் இன்னும் தள்ளி. பேரிடர் முகாம்களுக்கு உலகம் முழுக்கப் பின்பற்றும் ஸ்பியர் கையேட்டில் 30 மீட்டர் என்றும், குழியின் அடி நீர்மட்டத்துக்கு ஒன்றரை மீட்டராவது மேலே இருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. அப்பாவுக்கு இதை யாரும் சொல்லவில்லை. கொத்தனாருக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கழிப்பறை கட்டுங்கள் என்று சுவரில் எழுதியிருந்தது, எங்கே கட்டுவது என்று எழுதியிருக்கவில்லை.

இப்படி ஒரு தவறு எங்கள் வீட்டோடு போகிற விஷயமில்லை என்பதை லண்டன் கதையைப் படித்தபோது தெரிந்துகொண்டேன். 1854 ஆகஸ்ட் கடைசியில் அங்கே சோஹோ பகுதியில் காலரா வெடித்தது. பிராட் தெருவில் இருந்த அடிபம்பைச் சுற்றிய சில தெருக்களில் மட்டும் பத்து நாளில் 500 பேருக்கு மேல் செத்தார்கள். கெட்ட காற்றால்தான் நோய் வருகிறது என்று எல்லோரும் நம்பிய காலம். ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் வீடு வீடாகப் போய்ச் செத்தவர்கள் எந்தத் தண்ணீர் குடித்தார்கள் என்று கேட்டார். அதிகாரிகளிடம் பேசி, செப்டம்பர் 8-ம் தேதி அந்தப் பம்பின் கைப்பிடியைக் கழற்ற வைத்தார். இந்த அளவுக்குப் பலருக்கும் தெரியும்.

எனக்கு முக்கியமாகப் பட்டது இதற்கு அப்புறம் வருவது. அந்தப் பகுதி தேவாலயத்தில் ஹென்றி ஒயிட்ஹெட் என்று ஓர் இளம் பாதிரியார். ஸ்னோ சொன்னதை அவர் முதலில் நம்பவில்லை. தப்பென்று காட்டுவதற்காகவே தெருத்தெருவாக விசாரித்தார். விசாரிக்க விசாரிக்க ஸ்னோ பக்கமே வந்து சேர்ந்தார். 40-ம் எண் வீட்டில் ஒரு கைக்குழந்தை எல்லோருக்கும் முன்பே வயிற்றுப்போக்கில் விழுந்து, சில நாளில் இறந்திருந்தது. தாய் அந்தக் குழந்தையின் துணிகளை அலசிய தண்ணீரை வீட்டு முன்னால் இருந்த கழிவுத் தொட்டியில் ஊற்றியிருந்தாள். தோண்டிப் பார்த்தார்கள். தொட்டியின் செங்கற்கள் உளுத்துப்போயிருந்தன. தொட்டிக்கும் பம்புக் கிணற்றுக்கும் நடுவே மூன்று அடி கூட இல்லை.

அந்தப் பம்புத் தண்ணீருக்கும் நல்ல பெயர் இருந்திருக்கிறது. தெளிவு, ருசி. அந்தத் தெருவிலிருந்து ஊருக்கு வெளியே ஹாம்ஸ்டெட்டுக்குக் குடிபோன ஒரு விதவைத் தாய், அந்த ருசிக்காகவே தினமும் வண்டியில் அந்தத் தண்ணீரை வரவழைத்துக் குடித்து வந்தார். அவர் இருந்த பகுதியில் அப்போது காலராவே இல்லை. அவர் மட்டும் செத்தார். இதைப் படித்தபோது கல்யாண வீடுகளுக்கு எங்கள் கிணற்றிலிருந்து போன குடங்கள்தான் ஞாபகம் வந்தன.

அது பழைய காலம் என்று விட்டுவிட முடியாது. 2010 ஜனவரியில் ஹைத்தி நாட்டைப் பூகம்பம் புரட்டிப் போட்டது. அங்கே நூறு வருஷத்துக்கும் மேலாகக் காலரா இருந்ததாகப் பதிவே இல்லை. அக்டோபரில் திடீரென்று மக்கள் சாக ஆரம்பித்தார்கள். மிர்பலே என்ற ஊருக்குப் பக்கத்தில் ஐ.நா. அமைதிப்படையின் நேபாள வீரர்கள் தங்கிய முகாம் ஒன்று இருந்தது. அதன் கழிவு முகாமுக்குக் கீழே ஓடும் ஓடையில் கலந்திருக்கிறது. ஓடை ஆர்ட்டிபோனிட் ஆற்றில் சேர்கிறது. அந்த ஆறுதான் கீழே லட்சக்கணக்கானவர்களுக்குக் குடிநீர், குளியல், பாசனம் எல்லாம். ஏறத்தாழ 8 லட்சம் பேர் படுத்தார்கள், 10,000 பேருக்குக் கிட்டே இறந்தார்கள். ஆறு வருஷம் கழித்து, 2016 டிசம்பரில், ஐ.நா. பொதுச் செயலாளர் பான் கி மூன் ஹைத்தி மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். அந்த வீரர்கள் உதவி செய்யத்தான் போனார்கள், நல்ல எண்ணத்தோடுதான் போனார்கள். முகாமின் கழிவு எங்கே போகிறது என்று ஒருவர் ஓடைவரை நடந்துபோய்ப் பார்த்திருந்தால் போதும்.

அதே 2010-ல், ஜூலை 28-ம் தேதி, ஐ.நா. பொதுச்சபையில் பொலிவியா கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. பாதுகாப்பான குடிநீரும் கழிவகற்றலும் மனித உரிமை என்ற தீர்மானம். ஆதரவு 122, எதிர்ப்பு ஒன்றுமில்லை, 41 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டன. குடிநீரோடு கழிவகற்றலையும் ஒரே வரியில் சேர்த்து எழுதினார்களே, அதுதான் அந்தத் தீர்மானத்தில் எனக்குப் பிடித்தது. ஏனென்றால் நடைமுறையில் யாரும் அப்படிச் சேர்த்துப் பார்ப்பதில்லை. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து எடுக்கும் கணக்கில், 2024 நிலவரப்படி, பாதுகாப்பான குடிநீர் கிடைக்காதவர்கள் 210 கோடிப் பேர். பாதுகாப்பான கழிவகற்றல் இல்லாதவர்கள் 340 கோடிப் பேர். அவர்களில் இன்னமும் திறந்தவெளியில் போகிறவர்கள் 35 கோடி. முதல் எண்ணைவிட இரண்டாவது எண் 130 கோடி கூடுதலாக இருக்கிறது, பாருங்கள். குழாய் திறப்பு விழாவுக்கு அமைச்சர்கள் வருகிறார்கள். கழிவுநீர் போய்ச்சேரும் இடத்துக்கு யார் வருவார்கள்? ஆனால் அந்த 340 கோடியைச் சரிசெய்யாமல் 210 கோடி குறையாது. எங்கள் கிணறே சாட்சி.

நம் நாட்டில் நடந்திருப்பதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். தூய்மை இந்தியா திட்டம் 2014-ல் தொடங்கி ஐந்து வருஷத்தில் கிராமங்களில் 10 கோடிக்கு மேல் கழிப்பறை கட்டினோம். ஜல் ஜீவன் திட்டம் 2019-ல் தொடங்கியபோது கிராமப்புற வீடுகளில் ஆறில் ஒன்றுக்குத்தான் குழாய் இருந்தது. இன்று 15 கோடி வீடுகளைத் தாண்டிவிட்டது. என் அம்மா போன்ற பெண்களுக்கு அந்த நாலரை மணி நடை முடிவுக்கு வந்ததை நான் எந்தக் காரணத்துக்காகவும் சின்ன விஷயமாகப் பேச மாட்டேன். ஆனால் அந்த 10 கோடிக் குழிகளும் எங்கே இருக்கின்றன, எதற்குப் பக்கத்தில் இருக்கின்றன? எங்கள் தெருவுக்கும் குழாய் வந்திருக்கிறது. ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் வரும். தண்ணீர் நின்றதும் குழாய் உள்ளே காலியாகி, எங்காவது விரிசல் இருந்தால் சுற்றியிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அந்த ஈரம் சாக்கடையாக இருந்தால் மறுநாள் முதல் குடத்தில் அதுதான் வரும்.

குப்பிக்கு வருகிறேன். அந்தச் சோதனை நம் நாட்டுக் கண்டுபிடிப்பு. குவாலியரில் இருக்கும் பாதுகாப்புத் துறை ஆய்வகத்தில் மஞ்சா, மௌர்யா, ராவ் என்ற மூன்று விஞ்ஞானிகள் 1982-ல் வெளியிட்டது. இன்று பல நாடுகளில் பயன்படுகிறது. மலத்தோடு வரும் சில கிருமிகள் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை உண்டாக்கும். அது தாளில் இருக்கும் இரும்போடு சேர்ந்து கறுப்பாகிறது. இதைப் படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. செப்டிக் டேங்குக்குள் இறங்கும் மனிதர்களைக் கொல்வதும் இதே வாயுதான். கொஞ்சம் இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. உள்ளே இறங்கியவர் மயங்கி விழுவார், அவரைத் தூக்க இறங்குகிறவரும் விழுவார். செய்தித்தாளில் 'விஷவாயு தாக்கி இருவர் பலி', 'மூவர் பலி' என்று அடிக்கடி ஒன்றுக்கு மேலாக வருவது இதனால்தான்.

மனிதரை இந்த வேலையில் இறக்கக் கூடாது என்று 2013-ல் சட்டமே வந்துவிட்டது. 2014-ல் உச்ச நீதிமன்றம், இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்றது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. ஆனாலும் இறக்குகிறார்கள். இறங்குகிறவர்கள் எந்தச் சாதியில் பிறந்தவர்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். 'வெளியே போய்விட்டது' என்று நாம் நினைப்பதை யாரோ ஒருவர் தன் உடம்பால் வெளியே கொண்டுபோகிறார். சுத்தமான தண்ணீரைப் பற்றிப் பேசும்போது இந்த மனிதரை விட்டுவிட்டுப் பேசினால் அந்தப் பேச்சு எனக்கு வேண்டாம்.

நான் இப்போது இருப்பது சென்னைக்கு வெளியே, பாதாளச் சாக்கடை இன்னும் வராத ஒரு புறநகர்ப் பகுதியில். ஊர்க் கிணற்றுச் சேதிக்கு அப்புறம், எங்கள் குடியிருப்புக்கு வந்த கழிவுநீர் லாரிக்காரரிடம் கேட்டேன். "அண்ணே, இதை எங்க கொண்டுபோய் விடுவீங்க?"

அவர் குழாயைச் சுருட்டிக்கொண்டே, "அதெல்லாம் எதுக்குக்கா" என்றார். டீ வாங்கிக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார். சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது, ஆனால் தூரம். போனால் வரிசை. ஒரு நடைக்கே பாதி நாள் போய்விடும். "ஒரு நாளைக்கு நாலு லோடு அடிச்சாத்தான் டீசலுக்கும் தவணைக்கும் கட்டும்கா. அங்க போனா ரெண்டுதான். நீங்க குடுக்கற காசுக்கு யார் போவா?" அப்புறம் குரலைத் தாழ்த்தி, "ராத்திரில ஏரிக்குப் போற கால்வாய் இருக்குல்ல" என்றார்.

அந்த ஏரிக்கரையில் போட்டிருக்கும் ஆழ்துளைக் கிணறுகளிலிருந்துதான் எங்களுக்குத் தண்ணீர் லாரி வருகிறது. அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. குடியிருப்புக் கூட்டத்தில் பேசி, சுத்திகரிப்பு நிலையத்தில் கொட்டிய ரசீது கொண்டுவந்தால் நடைக்கு ஐந்நூறு ரூபாய் கூட என்று முடிவு செய்தோம். ரசீது வருகிறது. செங்கல்பட்டுக்குத் தெற்கே கருங்குழி பேரூராட்சியில் இப்படிப்பட்ட கசடைப் படுகைகளில் பரப்பி, நீரை வடித்துக் காயவைக்கும் நிலையம் பல வருஷமாக ஓடுகிறது. பெரிய ஊர்களுக்கு வாய்க்காததைச் சின்ன ஊர் செய்கிறது. ஒவ்வொரு ஊருக்கும் பக்கத்திலேயே ஒன்று இருந்தால் லாரிக்காரர் ஏன் கால்வாய்க்குப் போகப்போகிறார்?

சரி, எங்கள் கொல்லைக்கு என்ன வழி? தேடியபோது முசிறி கண்ணில் பட்டது. அதுவும் எங்களைப்போலக் காவிரிக் கரை, குழி தோண்டினால் தண்ணீர். திருச்சியில் 'ஸ்கோப்' அமைப்பை நடத்தும் சுப்புராமன், 2021-ல் பத்மஸ்ரீ பெற்றவர், அந்தப் பகுதியில் குழியே தோண்டாத கழிப்பறைகளைக் கட்டினார். அறை தரைக்கு மேலே இருக்கும். மலம் தனி, சிறுநீர் தனி, கால் கழுவும் நீர் தனி. மலத்தின்மேல் தண்ணீர் ஊற்றாமல் சாம்பல் தூவ வேண்டும். மாதக்கணக்கில் மூடிவைத்தால் நாற்றமில்லாத எருவாகிவிடும். முசிறிப் பொதுக் கழிப்பறையில், பயன்படுத்த வருகிறவர்களுக்கே காசு கொடுத்தார்கள். நம் ஊர்க் கட்டணக் கழிப்பறைக்கு நேர் எதிர்.

அம்மாவுக்கு அந்த யோசனை பிடித்தது. ஆனால் படி ஏற முழங்கால் இடம்கொடுக்கவில்லை. கடைசியில், அடியும் பக்கமும் பூசிய, ஒரு சொட்டும் கசியாத இரண்டு அறைத் தொட்டி கட்டுவது என்று முடிவாயிற்று. வழிந்து வரும் நீர், மேடாக்கிய மணல் பாத்தியில் கல்வாழைகளுக்குப் போகும். எங்கே கட்டுவது? கிணற்றிலிருந்து தள்ளி என்றால் வாசல் பக்கம்தான். அப்பா தயங்கினார். வாசலிலா? அம்மா ஒரே பேச்சில் முடித்தாள்: "லாரி வரணும்ல? வாசல்ல இருந்தாத்தான் பைப்பு எட்டும்."

பழைய குழியை லாரி வைத்து உறிஞ்சி, சுண்ணாம்பு கொட்டி, மண் போட்டு மூடினோம். கிணற்றை இறைத்து பிளீச்சிங் பவுடர் போட்டோம். ஒரு மாதம் கழித்து வைத்த குப்பி கறுத்தது. மூன்று மாதம் கழித்தும் கறுத்தது. மண்ணுக்கு 24 வருஷ ஞாபகம் இருக்கும் அல்லவா. அடுத்த சித்திரையில் வைத்த குப்பி இரண்டு நாளாகியும் நிறம் மாறவில்லை. அப்பா அதைத் தன் மேஜையில் பத்து நாள் வைத்திருந்தார்.

ஐப்பசி மழை வந்தது. மறுபடி கறுத்தது.

அப்பா கொல்லையில் போய் நின்று, மதில் சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டைப் பார்த்தார். சுவரை ஒட்டினாற்போல் அந்த வீட்டு உறைக்குழி. அதற்கு அந்தப் பக்கம் அவர்களுடைய கிணறு. பக்கத்து வீட்டு அத்தை துணி உலர்த்திக்கொண்டிருந்தார். அப்பாவுக்கு எப்படி ஆரம்பிப்பதென்று தெரியவில்லை. அத்தையே கேட்டார்.

"என்ன அண்ணே, கருக்கலிலேயே?"

"ஒண்ணுமில்ல தங்கச்சி. உங்க குழி எத்தனை வருஷமாச்சு?"

"பதினஞ்சு இருக்கும். நல்ல குழிண்ணே. ஒரு தடவைகூட நெறைஞ்சதில்ல."

அப்பா வீட்டுக்குள் வந்து, மரப்பெட்டியிலிருந்து பழைய அளவு டேப்பை எடுத்துக்கொண்டார். என்னிடம், "இன்னும் எத்தனை குப்பி இருக்கு?" என்று கேட்டார். ஒன்பது இருந்தது. ஒன்பதையும் ஒரு மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு, மழை விடாத தெருவில் குடையோடு இறங்கினார். டேப்பின் இன்னொரு முனையைப் பிடிக்க ஆள் வேண்டுமே என்று நானும் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன்.